காலுக்கு மீட்டர் மாட்டின மருமவனுக்கு

கூடங்குளத்துல ஒரு உலைக்கு 1000 மெகாவாட்டு. பாபநாசம் பவர் ஹவுஸ்ல 32 மெகாவாட்டு. உம்ம காலுல 182 வாட்டுன்னு போனைத் தூக்கிக் காட்டினீரு. ரொம்ப சந்தோசம், மருமவனே. இனி ஜில்லாவுக்குக் கரண்டு கவலை விட்டுது. நானும் சும்மா இருக்கமாட்டாம கணக்குப் போட்டுப் பாத்தேன்: உம்மளை மாதிரி 55 லட்சம் பேரு ஒரே சமயத்துல மூச்சு வாங்க மிதிச்சா கூடங்குளத்துல ஒரு உலையை இழுத்து மூடிரலாம். அம்புட்டுப் பேருக்கும் அந்த இறுக்கிப் பிடிச்ச கால்சட்டைக்குத் துணி எங்க கிடைக்கும்ங்கதுதான் யோசனையா இருக்கு.

கோவப்படாதேயும். 56 வயசுல ஒரு மனுசன் விடியக்காலம் எந்திச்சு சைக்கிளை எடுக்கான்னா அதை நான் குத்தம் சொல்லுவேனா? வீரவநல்லூர்ல வாடகை சைக்கிள் கடை வச்சுப் பிழைச்சவன் நான். என் கடை வண்டியில குரங்குப் பெடல் பழகாத பய அந்த வட்டாரத்துலயே கிடையாது. மிதிக்கவன் எவனா இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரன்தான். நீரு அக்கா மவன் வேற. உம்ம வண்டியை ஒத்தை விரல்ல தூக்கலாம்னு சொல்லுதீரு, அதையும் ஒத்துக்கிடுதேன். ஏறி மிதிக்க வேண்டிய சாமானை எதுக்குத் தூக்கிக் காட்டுதீருங்கது மட்டும் இன்னும் பிடிபடல.

நீரு குளிக்கப் போன நேரம் பாத்து அந்த மீட்டரைப் புரட்டிப் பாத்தேன். பெடலைத் தாங்குத கிராங்குல உள்பக்கமா ஒரு சின்னக் குமிழு. அதுக்குள்ள ஸ்ட்ரெயின் கேஜ்னு ஒரு மெல்லிசுக் கம்பித் தகடு ஒட்டியிருக்கும்னு பேத்தி சொன்னா. அவதான் பிசியோதெரபி படிக்காள்ல. நீரு பெடலை அமுத்துதப்ப கிராங்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையுது. வளையும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், காட்டர் பின் தட்டித் தட்டிக் கை காய்ச்சவன் நான். வளையுதப்ப அந்தக் கம்பியும் இழுபடும். இழுபட்டா கரண்டு போற தடை ஒரு துளி மாறும். அதை வச்சு எம்புட்டு பலமா அமுத்தினீருன்னு கண்டுபிடிச்சு, எம்புட்டு வேகமா சுத்தினீருங்கதோட பெருக்கினா வாட்டு வந்துட்டு. 1986-ல ஜெர்மனியில உல்ரிக் ஷோபெரர்னு ஒரு என்ஜினியர் ஆரம்பிச்சு வச்ச தொழில் இது. அப்போ பெரிய பந்தயக்காரங்களுக்குன்னு இருந்தது, இப்போ பென்சன் பேப்பர் எழுதிக்கிட்டு இருக்க பேங்கு ஆபீசர் வரைக்கும் இறங்கி வந்துட்டு.

எங்க காலத்துலயும் சைக்கிள்ல வாட்டு உண்டு, மருமவனே. டைனமோ மேலயே பொறிச்சிருக்கும்: 6 வோல்ட்டு, 3 வாட்டு. டயரோட உரசி ஓடும். வெரசா மிதிச்சா லைட்டு பளிச்சுன்னு எரியும், அசந்தா மங்கும், நின்னா அணைஞ்சு போகும். ராத்திரி கல்லிடைக்குறிச்சி ரோட்டுல ஒரு வெளிச்சம் கூடிக் கூடிக் குறைஞ்சு வந்தா, வாரவன் எம்புட்டுக் களைச்சிருக்கான்னு கடைத் திண்ணையில உக்காந்தே சொல்லிருவேன். லைட்டு இல்லாம வந்தவனைப் போலீஸ்காரன் பிடிச்சு டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுருவான். மீட்டரும் அதுதான், வெளிச்சமும் அதுதான். உம்ம சாமானு லட்சத்தைத் தொடுத ரகம்னு கேள்வி. ராத்திரி லைட்டுக்குத் தனியாத் துட்டாம். வீட்டுல நீரு சொன்ன விலையும் எங்கிட்ட சொன்ன விலையும் வேற வேறயா இருக்கு. நான் வாயைத் திறக்கமாட்டேன். நான் சொல்லுததைக் கேக்க வரைக்கும்.

இந்த வாட்டுங்க பேருக்குச் சொந்தக்காரரு ஜேம்ஸ் வாட் லேசுப்பட்ட ஆளு இல்ல. நீராவி எந்திரம் விக்கணும்னா வாங்க வாரவன்கிட்ட இருக்க குதிரையோட ஒப்பிட்டுச் சொன்னாத்தான் யாவாரம் ஆகும்னு கண்டுபிடிச்சவரு. ஒரு குதிரை சக்தின்னா 746 வாட்டு. உம்ம 182, குதிரையில கால்வாசிக்கு ஒரு பிடி குறைச்சல். நம்ம ஆத்துல இந்தக் கணக்கைப் போட்டுத் துட்டு பாத்தவன் ஹார்வி துரை. 1880-கள்ல விக்கிரமசிங்கபுரத்துல மில்லு வச்சப்ப, பாபநாசத்துல விழுத தண்ணியோட பலத்தை வச்சுத்தான் எந்திரத்தைச் சுத்த விட்டான். தண்ணி எம்புட்டு, எம்புட்டு உசரத்துல இருந்து விழுது, இந்த ரெண்டும் தெரிஞ்சாப் போதும், வாட்டு தெரிஞ்சிரும். அவன் ஆத்தை அளந்தான், நீரு தொடையை அளக்கீரு. அவனுக்கு லாபம் வந்துட்டு.

எஃப்.டி.பி.ன்னு ஒண்ணு சொன்னீரே, அதையும் விசாரிச்சேன். ஒரு மணி நேரம் போல விடாம மிதிக்க முடியுத உச்ச வாட்டு. ஒரு மணி நேரம் உயிரைக் குடுக்க எவனுக்கும் மனசு வராதுல்லா, அதனால 20 நிமிசம் முழுமூச்சா மிதிச்சு, வந்த சராசரியில நூத்துக்கு அஞ்சைக் கழிச்சுக்கிடணும். ஹண்டர் ஆலன்னு ஒரு பயிற்சிக்காரரும் ஆண்ட்ரூ காகன்னு ஒரு உடலியல் ஆராய்ச்சிக்காரரும் 2006-ல புஸ்தகமாவே போட்டாங்க. உமக்கு 20 நிமிசத்துக்கு 192 வந்தது, கழிச்சா 182. அதை வச்சு ஏழு வட்டம் போட்டு, முதல் வட்டம் உலாத்துதது, ஏழாவது வட்டம் நாய் தொரத்துதப்பன்னு பிரிச்சிருக்காங்க.

எல்லாம் சரி. நீரு சோதனை போட்ட இடம் நாலுவழிச்சாலை. காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரிக்கு வார ரோடு. முதுகுக்குப் பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சா எந்தக் கிழவனும் பத்து வாட்டு கூடத்தான் மிதிப்பான். அதைக் கழிச்சீரா?

அடுத்தாப்புல, அது மார்கழியில வாங்கின எண்ணு. பனியில, வேர்வை இல்லாம, காத்தும் இல்லாம. சித்திரையில பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தாண்டுதப்ப அந்த எண்ணு செல்லாது. நீரு தின்ன சோத்துல நாலுல ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போய்ச் சேராது. மிச்சம் பூராவும் சூடா வெளியேறணும். வெளிய ஏற்கெனவே கொதிக்குதுன்னா உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி ஆத்தப் பாக்கும். காலுக்கும் ரத்தம் வேணும், தோலுக்கும் வேணும், வேர்வையில தண்ணி வேற குறையுது. நெஞ்சு என்ன பண்ணும்? நீரு மாறாம 140 வாட்டுலயே மிதிச்சாலும் அரை மணிக்கு ஒருதடவை துடிப்பைக் கூட்டிக்கிட்டே போகும். மீட்டர் 140, 140-ன்னு அப்பாவியாக் காட்டிக்கிட்டு இருக்கும். பங்குனி போனதும் அந்த 182-ஐ மறந்துட்டு, மேமாசத்துக்குன்னு ஒரு சின்ன எண்ணு வச்சுக்கிடும். யாருகிட்டயும் காட்ட வேண்டாம்.

இன்னொண்ணு சொன்னா நீரு ராத்திரி தூங்கமாட்டீரு, அதனாலயே சொல்லுதேன். உம்மது இடது கிராங்குல மட்டும் மாட்டுத ரகம். இடது கால் செய்யுத வேலையை அளந்து, வலது காலும் அம்புட்டுத்தான் செய்யும்னு தானா நெனைச்சுக்கிட்டு, ரெண்டால பெருக்கிக் காட்டுது. நீரு பத்தாப்பு படிக்கப்ப வேப்பமரத்துல இருந்து விழுந்து உடைச்ச முட்டி எது? இடதுல்லா! ஆக, நல்ல காலு பாடுபடுதது கணக்குலயே இல்ல, நொண்டிக் காலுக்கு இரட்டைச் சம்பளம். புதுசா இருக்கப்ப ஒரு விகிதம், களைச்சுப் போனா இன்னொரு விகிதம்னு ரெண்டு காலும் வேலையை மாத்தி மாத்திப் பங்கு போட்டுக்கிடும். உண்மையில நீரு 182-க்கு மேலயே இருக்கலாம். ரெண்டு பக்கமும் அளக்க ரகம் வாங்கணும்னு இப்பமே மனசு அரிக்கும், தெரியும். வாங்காதேயும். தப்பாக் காட்டினாலும் தினமும் ஏறக்குறைய ஒரே தப்பைக் காட்டுத சாமானை வச்சு வருசக் கணக்கா வண்டி ஓட்டலாம். கிளம்புத முன்ன ஜீரோ பண்ணுத வழக்கத்தை மட்டும் விடாதேயும். வெயில்ல நிறுத்தி வச்ச வண்டி வேற எண்ணு சொல்லும்.

இம்புட்டு நொட்டை சொன்னேனே, ஒரு விசயத்துல அந்தச் சாமானுக்குக் கும்பிடு போடுதேன். ஆனி ஆடியில காவல்கிணறு, பணகுடி பக்கம் போவீருல்லா? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாப் பிச்சுக்கிட்டு வரும் மேல்காத்து. அந்தக் காத்துக்குத்தான் அங்கன பூராவும் காத்தாலை நட்டு வச்சிருக்கான். எதுத்து மிதிச்சா வேகம் 14-ங்கும், திரும்பி வந்தா 38-ங்கும். 14-ஐப் பாத்து வெக்கப்பட்டு முட்டி தேய அமுத்தினவனும், 38-ஐப் பாத்து மீசையை முறுக்கினவனும் ஒரே ஆளுதான், ஒரே நாளுதான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தைத் தள்ளிக்கிட்டுப் போக மட்டுமே எட்டு மடங்கு வாட்டு வேணும். அதனால எதுத்த காத்துல வேகத்தைத் தொரத்துதவன் தோத்துத்தான் போவான். காத்தோ ஏத்தமோ எது வந்தாலும் காலு என்ன வேலை செஞ்சுதுன்னு மட்டும் சொல்லுத சாமானு இது. போறப்ப 140-லயே பிடிச்சு நிறுத்தும். உம்மகூட ஓட்ட வார ஐ.டி. பயலுவ முன்னால பறந்தா பறக்கட்டும். திரும்பி வாரப்ப எவனாவது ஒருத்தன் பம்புசெட்டுத் தொட்டியில காலைத் தொங்க விட்டுக்கிட்டு இருப்பான். நீரு மணி அடிச்சுட்டு வாரும். உம்ம வண்டியில மணி இல்லைல்லா? சரி, செருமிட்டு வாரும்.

உம்ம வயசுக்காரனுக்கு இன்னொரு பிரயோசனமும் உண்டு. பிரஷர் மாத்திரையில பீட்டா பிளாக்கர்னு ஒரு ரகம் இருக்கு. அதைப் போட்டவனுக்கு எம்புட்டு மிதிச்சாலும் நெஞ்சுத் துடிப்பு ஒரு அளவுக்கு மேல ஏறாது. 220-ல வயசைக் கழிங்கத பழைய சூத்திரம் அவனுக்குப் பொய்யாப் போயிரும். மாத்திரை போடாதவனுக்கே அது உத்தேசக் கணக்குத்தான். 208-ல வயசோட பத்துல ஏழு பங்கைக் கழிக்கணும்னு 2001-ல திருத்திச் சொன்னாங்க. உமக்கு ஒண்ணு 164-ங்கும், இன்னொண்ணு 169-ங்கும். அந்த மாதிரி ஆளுக்கு வாட்டுக் கணக்கு கைகொடுக்கும். ஆனா மாத்திரையை வாயில போட்டதும் சைக்கிள்ல ஏறாம, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலயோ வேற எங்கயோ ஒரு நெஞ்சு டாக்டரைப் பாத்து, டிரெட்மில் டெஸ்ட்டு வேணுமான்னு கேட்டுட்டு வாரும். நெஞ்சுல பாரமா இருந்தாலோ, இடது தோளு இழுத்தாலோ, என்னைக்கும் இல்லாத மூச்சுமுட்டு வந்தாலோ, மீட்டரைப் பாக்காதேயும். இறங்கி உக்காந்து போனைப் போடும். இதுல நான் கேலி பேசல.

இப்போ உம்ம குத்தத்துக்கு வாரேன். செவ்வாக்கெழமை கடினம், புதன்கெழமை லேசுன்னு அட்டவணை போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கீரு. புதன்கெழமை என்ன நடந்துச்சு? சேரன்மகாதேவி பக்கம் கவர்மெண்டு குடுத்த சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பய ஒருத்தன் உம்மை முந்தினான். உடனே 120-ல இருந்த மீட்டரு 240 ஆயிட்டு. எதுக்குவே? அவன் கேரியர்ல தங்கச்சியை வேற உக்கார வச்சிருந்தான். நீரு ஜெயிச்சீருன்னும் கேள்விப்பட்டேன். அவனுக்குப் போட்டி நடந்ததே தெரியாது.

இப்படித்தான் லேசான நாளு எல்லாம் நடுவாந்தரமாப் போயிருது. நடுவாந்தரமாப் போனதால கடினமான நாளுல காலு எந்திக்கமாட்டேங்குது, அதுவும் நடுவாந்தரமா முடிஞ்சிருது. வருசம் பூரா ஒரே வேகம், ஒரே களைப்பு, ஒரே 182. லட்ச ரூவாயில நீரு வாங்கி வச்சிருக்கது பிரேக்குன்னு நெனைச்சுக்கிடும். லேசான நாளுல 137-ஐத் தாண்டாதேன்னு அது சொல்லணும், தாண்டினா நீரு விரலை எடுக்கணும். இளந்தாரிக்குத்தான் கூட்டிக் காட்டுததுக்கு மீட்டர். உம்ம வயசுல அதைப் பாத்துக் குறைக்கத் தெரிஞ்சவன்தான் அடுத்த வருசமும் ஓட்டுவான்.

மீட்டரு கெட்டுப்போனா என்ன செய்யன்னு கேப்பீரு. பக்கத்துல வாரவன்கிட்ட புறணி பேசிப் பாரும். முழு வாக்கியமா, கெட்டவார்த்தையும் சேத்து, மூச்சு விடாம ஒருத்தனைப் பத்திச் சொல்ல முடிஞ்சா அது லேசு. பாதியில நிறுத்தி மூச்சு வாங்கினீருன்னா நடுவாந்தரம். ஒரு பேரு மட்டும்தான் வாயில வருதுன்னா அது கடினம். வெளிநாட்டுக்காரன் இதையே பேச்சுச் சோதனைன்னு மரியாதையாச் சொல்லுதான். நம்ம ஊருக்குப் புறணி போதும்.

பேப்பர்ல தினமும் அணை மட்டம் போடுதான்லா. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 முழு உசரம். இன்னைக்கு எத்தனைன்னு எழுதியிருக்கும். எந்த வெவசாயியாவது மதகு எம்புட்டு அகலம்னு கேட்டுப் பாத்திருக்கீரா? மட்டம் என்னன்னுதான் கேப்பான். உம்ம 182, மதகோட அகலம். மட்டம் எம்புட்டுங்கதை அது சொல்லாது. ராத்திரி எத்தனை தடவை எந்திச்சீரு, காலையில கட்டில்ல இருந்து இறங்கையில இடுப்பு என்ன சொல்லுச்சு, மவன் போன்ல என்ன சண்டை போட்டான், இதெல்லாம்தான் மட்டம். 25 வயசுல ராத்திரியோட ராத்திரியா நிரம்பிரும். 56-ல ஒரு கடினமான நாளுக்கு அப்புறம் ரெண்டு நாளு, மூணு நாளு ஊறும். கார் சாகுபடிக்கே பூராவும் திறந்து விட்டுட்டுப் பிசானத்துக்கு வானத்தைப் பாக்க ஆளா நீரு? பேங்குல எத்தனை பேருக்கு சேமிப்பைப் பத்தி வகுப்பு எடுத்திருப்பீரு!

ஒரு கிழவரு கதை சொல்லுதேன். என்னைவிடவும் கிழவரு. ராபர்ட் மார்ஷான்னு பேரு, பிரான்சு தேசம், 1911-ல பிறந்தவரு. ஆளு அஞ்சடி உசரம்தான். வாழ்க்கை பூராவும் என்னென்னமோ வேலை பாத்துட்டு, ரிட்டயர் ஆகுத வயசுலதான் திரும்பவும் சைக்கிளைக் கையில எடுத்தாரு. 100 வயசு ஆனதும், 2012-ல, ஒரு மணி நேரத்துல எம்புட்டு தூரம் போக முடியும்னு ஓட்டினாரு: 24 கிலோமீட்டருக்கு மேல. நூறு தாண்டினவங்களுக்குன்னு அதுவரைக்கும் சாதனைப் பட்டியலே கிடையாது. போட்டிக்கு ஆளு இருந்தால்லா பட்டியலு! 2014-ல, 102 வயசுல திரும்ப ஓட்டினாரு: 26.927 கிலோமீட்டர். வயசு ரெண்டு கூடினப்புறம் தூரமும் கூடிட்டு. எப்படின்னு உமக்குக் கேக்கத் தோணுதுல்லா? எனக்கும் தோணிச்சு.

வெரோனிக் பில்லான்னு ஒரு விஞ்ஞானி அம்மா அவரை 101 வயசுலயும் 103 வயசுலயும் மிதிக்க வச்சு, மூச்சு, நெஞ்சு, வாட்டு எல்லாத்தையும் அளந்தாங்க. நடுவுல ரெண்டு வருசம், வருசத்துக்கு 5000 கிலோமீட்டர் பயிற்சி. அதுல நூத்துக்கு 80 பங்கு லேசு, 20 பங்கு நல்ல கடினம். லேசா கடினமாங்கதை அவரு உடம்புக்குத் தோணுததை வச்சுச் சொன்ன கணக்குல பிரிச்சாங்க. உச்ச வாட்டு 90-ல இருந்து 125 ஆயிட்டு. உடம்பு இழுக்க ஆக்சிஜன் 13 சதவீதம் கூடிட்டு. நெஞ்சுத் துடிப்போட உச்சம் அசையவே இல்ல. காலு சுத்துத வேகம்தான் நிமிசத்துக்கு 69-ல இருந்து 90 ஆச்சாம். அவரோட உச்சமே அம்புட்டுத்தான், 125 வாட்டு, மருமவனே. நீரு ‘லேசு’ன்னு போன்ல ஸ்ட்ராவா ஆப்புல போடுத எண்ணு அது. உலகமே எந்திச்சு நின்னு கைதட்டிச்சு.

2017-ல 105 வயசுல இன்னொரு தடவை ஓட்டினாரு, 22.547 கிலோமீட்டர். இறங்கி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? இன்னும் 10 நிமிசம்தான் இருக்குன்னு காட்டின பலகையைக் கவனிக்கலையாம், கவனிச்சிருந்தா இன்னும் வெரசாப் போயிருப்பேன்னாரு. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 2021-ல, 109 வயசுல காலமானாரு.

லேசாப் போகச் சொல்லுதேன்னதும் சாக்கு கிடைச்சுதுன்னு படுத்துராதேயும். அந்த 20 பங்கையும் அவரு விடல. வயசாக ஆக மொதல்ல உதிருதது வேகமா சுருங்குத தசை நாருதான். பஸ்ஸைத் தொரத்திப் பிடிக்க உதவுத சரக்கு. சும்மா உலாத்திக்கிட்டே இருந்தா அது தங்காது. வாரத்துல ஒரு நாளு, மிஞ்சினா ரெண்டு நாளு, நாலு நிமிசம் முக்கி மிதிச்சு நாலு நிமிசம் இளைப்பாறி, அப்படி நாலஞ்சு தடவை. ஏத்தம் வேணும்னு சொல்லுவீரு. ஆத்தங்கரை ஊருல ஏத்தத்துக்கு எங்க போக? டவுனுக்கும் ஜங்சனுக்கும் நடுவுல ஈரடுக்குப் பாலம் இருக்கே, 1973-ல இருந்து அதுதான் நம்ம இமயமலை. விடியக்காலம் பஸ்ஸு வாரதுக்கு முந்தி ஏறி இறங்கும்.

அப்புறம், சைக்கிளே உலகம்னு கிடக்கவனுக்கு எலும்பு இளைச்சுப் போகும். உக்காந்தே செய்யுத வேலை, எலும்பு மேல பாரம் ஏறாது. வாரத்துல ரெண்டு நாளு பாரம் தூக்கும். ஜிம்முக்குத் துட்டு கட்டணும்னு இல்ல, வீட்டுல அரிசி மூட்டை இருக்கு. உம்ம வீட்டுக்காரி அதை நகத்த ஆளு இல்லாம எங்கிட்டதான் சொல்லிப் புலம்புதா. சாப்பாட்டுல உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் முட்டையும் கூடட்டும். டப்பாவுல வார மாவைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு உளுந்தங்களியைக் கண்டா மூஞ்சி சுளிக்காதேயும்.

அல்வா விசயத்தை நான் எடுக்கவேண்டாம்னுதான் இருந்தேன். 140 வாட்டுல ஒரு மணி நேரம் மிதிச்சா 504 கிலோஜூல். உடம்போட திறமைக் குறைச்சலால அது ஏறக்குறைய அதே எண்ணிக்கை கலோரியா வந்துரும், கணக்குக்கு வசதி. சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க இருட்டுக்கடைக் கூட்டத்துல நெய்யொழுக கால் கிலோவை நின்ன நிலையில முடிச்சீருன்னு வைங்க, காலையில மிதிச்சது, நாளைக்கு மிதிக்கப் போறது ரெண்டும் சேந்து போச்சு. தின்னாதேயும்னு சொல்ல எனக்கு வாய் வராது, நானும் தின்கவன்தான். ஆனா அரை கிலோ குறைஞ்ச சக்கரம் வாங்கப் போறேன்னு சொன்னீரே, அதுக்கு ஒரு கணக்கு கேளும். நீரு 82 கிலோ, வண்டி 8 கிலோ. நூறடிக்கு அஞ்சடி ஏறுத ரோட்டுல மணிக்கு 12 கிலோமீட்டர் போக, பாரத்தை மேல தூக்க மட்டும் 147 வாட்டு வேணும். புதுச் சக்கரத்தால மிச்சமாகுதது ஒரு வாட்டுகூட இல்ல. வயித்துல அஞ்சு கிலோ குறைஞ்சா 8 வாட்டு. சக்கரம் என்ன விலைன்னு நான் கேக்கல.

பிரவேங்கத நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துல 200 கிலோமீட்டர் ஓட்டணும்னு ஆசையாமே. ஓட்டும். பதிமூணரை மணி நேரம் குடுக்கான். நின்னு டீ குடிச்சு, வாழைப்பழம் தின்னு, பஞ்சர் ஒட்டி, எல்லாம் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனாப் போதும். முன்ன வாழைத்தாரு கட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனவன் வேகம் அது. அங்கன யாரும் உம்ம எஃப்.டி.பி. என்னன்னு கேக்கமாட்டான், அட்டையில முத்திரை இருக்கான்னுதான் பாப்பான். மொத ரெண்டு மணி நேரம் மீட்டரைப் பாத்து அடங்கி ஓட்டும். கடைசி ரெண்டு மணி நேரம் அதைப் பாக்கதுக்கு உமக்கே மனசு இருக்காது.

சரி, வியாழக்கெழமை உமக்கு லேசான நாளுதானே? 102-க்கும் 137-க்கும் நடுவுல, மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், மேலச்செவல் வழியா பைய வாரும். எவன் முந்தினாலும் முந்தட்டும். பத்தமடையில எனக்கு ஒரு கோரைப் பாயி சொல்லி வச்சிருக்கேன், வாங்கிட்டு வீரவநல்லூருக்கு வந்துரும். உம்ம வண்டியில கேரியர் கிடையாது, தெரியும். முதுகுல கட்டிக்கிடும், காத்து பிடிக்கும், வாட்டு தானா கூடும். பாயிக்குத் துட்டை நீரே குடுத்துரும். வீட்டுல கேட்டா மீட்டர் விலையோட சேத்துச் சொல்லிக்கிடும்.